சின்ன விமானத்திலிருந்து பெரிய விமானத்துக்கு: அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது?

இரத்மலானையில் விமானம் ஓட்டப் படிக்கிற ஒரு தங்கச்சி, ஊர் மல்லாகம், இப்படிக் கேட்டிருந்தார்: "எனக்கு 80 மணித்தியாலம் ஆகிவிட்டது, எல்லாம் செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைச் சின்ன விமானத்தில்தான். பக்கக் காற்று கொஞ்சம் கூடினாலே கை வியர்க்கிறது. அண்மையில் பலாலியிலிருந்து சென்னைக்கு ஏடிஆர் என்ற ப்ரொப்பெலர் விமானத்தில் பயணியாகப் போனேன். இறங்கி நின்று திரும்பிப் பார்த்தபோது, இதை ஒருநாள் நான் ஓட்டுவேன் என்று நம்பவே முடியவில்லை. பெரிய விமானம் ஓட்டுகிற தைரியம் மணித்தியாலம் சேரச் சேரத் தானாக வந்துவிடுமா? முதலில் ஏடிஆர் வேலை கிடைத்தால் எடுப்பதா, ஜெட்டுக்குக் காத்திருப்பதா?"

தங்கச்சி, தானாக வராது. மணித்தியாலம் கணக்குப் புத்தகத்தில் ஏறும், தைரியம் அதோடு சேர்ந்து ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் வரும். வருகிற வழியும் தெரிந்த வழிதான், அதைத்தான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

நானும் 152இல் தொடங்கியவன். பிறகு ஏடிஆர் 72, பிறகு ஏயார்பஸ் ஏ320, கடைசி எட்டு வருடம் ஏ330. இப்போது பறப்பதை விட்டுவிட்டு அச்சுவேலியில் இருக்கிறேன். எங்கள் வயதுக்காரருக்கு விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடுவதுதான் முதல் பழக்கம். அந்தச் சத்தத்தை உள்ளே இருந்து கேட்கும் வேலைக்கு நான் போவேன் என்று எங்கள் வீட்டில் யாரும் கனவிலும் நினைக்கவில்லை. அதனால் "நம்பவே முடியவில்லை" என்று நீர் எழுதியது எனக்கு நன்றாக விளங்குகிறது.

முதலில் உம்முடைய வியர்க்கிற கையைப் பற்றி. 152இன் முழு எடை 757 கிலோ, அது காற்றுக்கு ஒரு பட்டம் மாதிரி. அதில் பக்கக் காற்றுக்கு 12 நொட் (மணிக்கு 12 கடல் மைல்) வரைதான் செய்து காட்டியிருக்கிறார்கள், ஏடிஆர் 72இல் அது 35 நொட். அதாவது நீர் இப்போது பயப்படுகிற காற்று, 23 தொன் எடையுள்ள விமானத்தை அவ்வளவு அசைக்காது. பெரிய விமானம் ஓட்டுவதற்குக் கை கூடுதலாக வேலை செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர் போல. நிலையாக நிற்பதில் பெரியதுதான் சுகம். 152இல் காற்றோடு மல்லுக்கட்டி நடுக்கோட்டில் இறக்குகிற ஒருவருக்கு ஏ330இன் ஸ்ரிக்கை, அதாவது ஓட்டுகிற பிடியை, பிடிப்பது பெரிய பாடு இல்லை.

பாடு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாரும். உம்முடைய 152 இறங்கும்போது 55 நொட் என்று வைப்போம். ஏ320 இறங்கும்போது 66 தொன் வரை இருக்கலாம், வேகம் 135 நொட் அளவில். எடை 87 மடங்கு. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று உயர்தரத்தில் படித்திருப்பீர். வேகம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு, அதன் வர்க்கம் ஆறு, ஆகவே 87ஐ ஆறால் பெருக்கினால் 500 மடங்குக்கு மேல் போகிறது. அந்த ஆற்றல் முழுவதையும் நீர் ஒரு ஓடுபாதைக்குள் கரைக்க வேண்டும். அதைக் கரைக்கத் தொடங்கும் இடம் ஓடுபாதையில் இல்லை, நூறு மைலுக்கு முன்னால் இருக்கிறது.

நூறு மைல் என்பது மிகைப்படுத்திச் சொன்னது இல்லை. இறங்குவதற்கு நாங்கள் எல்லோரும் பாவிக்கிற ஒரு வாய்ப்பாடு உண்டு: உயரத்தை ஆயிரம் அடியில் எடுத்து மூன்றால் பெருக்கினால் எத்தனை கடல் மைலுக்கு முன்னால் இறங்கத் தொடங்க வேண்டும் என்று வரும். 35,000 அடியில் வந்தால் 105 மைல். இந்தியாவிலிருந்து வருகிற ஒரு ஜெட் எங்கள் குடாநாட்டுக்கு மேலாகக் கட்டுநாயக்கவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளும். பலாலியிலிருந்து கட்டுநாயக்க ஏறக்குறைய 157 கடல் மைல். மன்னார் வரும்போது 108 மைல் மிச்சம். வேகத்தைக் குறைக்க இன்னும் பத்து மைல் வேண்டும் என்பதால், மன்னாருக்கு மேலே வருவதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். மேலிருந்து மன்னார்த் தீவைப் பார்த்து "அட, வந்துவிட்டோம்" என்று ஒரு விமானி நினைத்தால் அவர் ஏற்கெனவே பிந்திவிட்டார். 152இல் இப்படி ஒன்று கிடையாது, ஓடுபாதையைச் சுற்றி வருகிற சேர்க்கிட்டின் உயரமே ஆயிரம் அடி, பிந்தினால் மூக்கைக் கொஞ்சம் குனித்துச் சரிசெய்துவிடலாம். ஜெட்டில் மூக்கைக் குனித்தால் வேகம் கூடும். வேகத்தைப் பிடித்தால் உயரம் மிஞ்சும். ஃப்ளாப்பும் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்குகிற தட்டுகள்) சில்லும் வெளியே வராத நிலையில் இறங்குவதும் வேகம் குறைப்பதும் ஒன்றாக நடக்காது, ஏதாவது ஒன்றுதான்.

எஞ்சினும் அப்படித்தான். 152இல் த்ரொட்டிலைத் தள்ளினால் உடனே பதில் வரும். ஜெட் எஞ்சின் ஐடிலில், அதாவது ஆகக் குறைந்த விசையில், கிடந்தால் எழும்பிவரப் பல வினாடி எடுக்கும். விதிகளிலேயே, விசை நெம்பை ஐடிலிலிருந்து தள்ளி 8 வினாடிக்குப் பிறகு கிடைக்கிற விசையை வைத்துத்தான் அந்த விமானத்தால் திரும்ப மேலேற முடியுமா என்று கணக்குப் பார்க்கிறார்கள். எட்டு வினாடியை ஒருமுறை வாய்விட்டு எண்ணிப் பாரும், நிலம் கிட்ட வருகிற நேரத்தில் அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஆக, பெரிய விமானம் உம்மிடம் கேட்பது முன்யோசனையைத்தான். ஆங்கிலத்தில் விமானத்துக்கு "முன்னால் இருப்பது", "பின்னால் விழுவது" என்று சொல்வார்கள், எங்கள் வேலையில் இதைவிட முக்கியமான சொல் இல்லை. விமானம் பத்து மைல் தள்ளி எங்கே, எந்த வேகத்தில், எந்த உயரத்தில் இருக்கப் போகிறது என்று உம்முடைய மனதுக்கு முன்பே தெரிந்திருந்தால் உமக்குப் பயம் வராது. பயம் வருவது விமானம் உம்மை இழுத்துக்கொண்டு போகும்போது.

எனக்கு இது விளங்கிய நாளைச் சொல்கிறேன். ஏ320இல் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்டப் பழகுகிற காலம், இரண்டாவது கிழமை. பக்கத்தில் பயிற்சி கொடுக்கிற கப்டன், அதிகம் பேசாத மனிதர். இறங்கிக்கொண்டிருக்கிறோம், எல்லாம் சரியாகப் போகிறது. திடீரென்று கட்டுப்பாட்டாளர் "நேரே இறுதிக் கோட்டுக்கு வாருங்கள்" என்று ஒரு குறுக்குவழி கொடுத்தார். பதினைந்து மைல் மிச்சப்படுகிறது என்று எனக்குச் சந்தோசம், உடனே நன்றி சொல்லி எடுத்துக்கொண்டேன். பதினைந்து மைல் குறைந்தால் 4,500 அடி உயரம் மிஞ்சும் என்ற கணக்கு எனக்கு அந்த நிமிடம் ஓடவில்லை. ஓடுபாதைக்கு 12 மைலில் பார்த்தேன், 3,600 அடியில் இருக்க வேண்டிய இடத்தில் 5,000க்கு மேல் இருந்தோம், வேகம் 230. வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. ஸ்பீட் பிரேக்கை இழுத்தேன், சில்லை இறக்கச் சொன்னேன், ஃப்ளாப்புக்கு வேகம் இன்னும் கூட, காத்திருந்தேன், மறுபடி பார்த்தேன். கப்டன் கேட்டதைச் செய்தார், வேறு ஒரு சொல் பேசவில்லை. ஆயிரம் அடி என்று குரல் வந்தபோது வேகம் 165இல் நின்றது, 135இல் இருக்க வேண்டியது. "நிலையாக இருக்கிறோமா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால்?" "கோ அரவுண்ட்." நெம்பைத் தள்ளி மேலே போனோம், சுற்றி வந்து ஒழுங்காக இறங்கினோம்.

தரிப்பிடத்தில் எஞ்சினை நிறுத்திய பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் ஒருநாளும் மறக்கவில்லை. "இது சரிவராது என்று உனக்கு எப்போது தெரியும்?" நான் உண்மையைச் சொன்னேன், 12 மைலில் தெரியும். "எப்போது சொன்னாய்?" ஆயிரம் அடியில், அதாவது 3 மைலில். "இடையில் இருக்கிற அந்த ஒன்பது மைலைத்தான் நீ பழக வேண்டும், மற்றதெல்லாம் உனக்கு வரும்."

தைரியம் என்று நான் பிறகு புரிந்துகொண்டது இதைத்தான், தங்கச்சி. தெரிந்த நேரத்துக்கும் வாய்திறந்த நேரத்துக்கும் இடையில் உள்ள தூரம். புதிதாக வருகிறவருக்கு அது ஒன்பது மைல், ஐந்து வருடம் ஓட்டியவருக்கு அரை மைல், நல்ல கப்டனுக்கு அது இல்லவே இல்லை. தெரிந்தவுடன் "நாங்கள் உயரமாக இருக்கிறோம், எனக்கு இன்னும் பத்து மைல் வேண்டும்" என்று றேடியோவில் அமைதியாகக் கேட்பார். அவருக்கு வெட்கம் இல்லை, பதற்றமும் இல்லை. பார்க்கிறவருக்கு அது பெரிய தைரியம் மாதிரித் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உலகம் பார்த்திருக்கிறது. 2013 ஜூலை 6ஆம் திகதி, சான் பிரான்சிஸ்கோவில், ஏசியானா 214. போயிங் 777. நல்ல வெயில், காற்றும் பெரிதாக இல்லை. ஓட்டியவர் கிட்டத்தட்ட 10,000 மணித்தியாலம் பறந்தவர், ஏ320இல் கப்டனாக இருந்துவிட்டு 777க்கு மாறிக்கொண்டிருந்தார். 777இல் அவருக்கு 50 மணித்தியாலம் கூட இல்லை. அன்றைக்கு அந்த ஓடுபாதையில் இறங்கு கோட்டைக் காட்டுகிற கருவி வேலைக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, ஆகவே கண்ணால் பார்த்து இறக்க வேண்டும். முதலில் உயரமாக வந்தார்கள், அதைச் சரிசெய்யப் போன இடத்தில் தானியங்கி விசை வேகத்தைப் பிடிக்காத ஒரு நிலைக்குப் போய்விட்டது, அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வந்தார்கள். 137 நொட் இருக்க வேண்டிய வேகம் 103 வரை விழுந்தது. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் தடுப்புச் சுவரில் வால் அடிபட்டது. விமானத்தில் இருந்த 307 பேரில் மூன்று பேர் இறந்துபோனார்கள். கருவி இல்லாமல் கண்ணால் பார்த்து இறக்குவது தனக்கு மிகுந்த மன அழுத்தமாக இருந்தது என்று அந்த விமானி விசாரணையில் சொன்னார். பத்தாயிரம் மணித்தியாலம்! அந்தப் பயத்தை அவர் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருந்தவர் வேகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். இதில் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய முதல் மாதங்களில் எல்லோரும் அந்த இடத்தில்தான் இருக்கிறோம்: பழைய விமானத்தின் பழக்கம் கையில் இருக்கும், புதியது என்ன செய்யும் என்பது இன்னும் மனதில் ஏறியிருக்காது.

வாய்திறப்பது பற்றி எங்கள் ஊர்க்காரருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லித்தான் எங்களை வளர்க்கிறார்கள். வீட்டில் அது நல்ல பழக்கமாக இருக்கலாம், கொக்பிட்டில் அது ஆளைக் கொல்லும். 1977 மார்ச் 27, தெனெரிஃப், பனிமூட்டத்தில் இரண்டு 747 ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானம் எழும்ப ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஃப்ளைட் எஞ்சினியருக்குச் சந்தேகம் வந்தது, முன்னால் நிற்கிற பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். கப்டன் விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னதும் அடங்கிப்போனார். அந்தக் கப்டன் அந்தக் கொம்பனியிலேயே மிகவும் மதிக்கப்பட்டவர்களில் ஒருவர். அதற்குப் பிறகுதான், 1978இல் போட்லண்டில் ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்ததும் சேர்ந்து, கப்டனிடம் எப்படிச் சொல்வது, கப்டன் எப்படிக் கேட்பது என்பதையே ஒரு பாடமாக்கினார்கள். நீர் முதல் தடவை துணை விமானியாக உட்காரும்போது பக்கத்தில் உம்முடைய அப்பா வயதில் ஒருவர் இருப்பார். அவரை "சேர்" என்று கூப்பிடும், மரியாதை கொடும், ஆனால் வேகம் ஐந்து நொட் குறைந்தால் "வேகம்" என்று சத்தமாகச் சொல்லும். இரண்டும் ஒன்றாக நடக்கும். நல்ல கப்டன்மார் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், நான் கப்டனாக இருந்தபோது எனக்கு மிகவும் பிடித்த துணை விமானிகள் எல்லோரும் அப்படிச் சொன்னவர்கள்தான்.

சரி, கையால் செய்கிற வேலைக்கு வருவோம், நீர் அதைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருப்பீர்.

பெரிய விமானத்துக்கு மாறும்போது முதலில் வகுப்பு, பிறகு சிமுலேற்றர், பிறகு வெறும் விமானத்தில் சில சுற்று இறக்கம், பிறகு பயிற்சிக் கப்டனோடு பயணிகளை ஏற்றிக்கொண்டு பல கிழமை. இப்போதுள்ள உயர்தரச் சிமுலேற்றர்கள் அவ்வளவு உண்மையாக இருப்பதால், அனுபவம் உள்ளவர்கள் வெறும் விமானத்தில் பழகாமலே நேரே பயணிகளோடு போவதும் உண்டு. முதல் தடவை போகிறவரை வெறும் விமானத்தில் அரைடசின் தடவையாவது இறக்கவைப்பார்கள். எனக்கு அது ஏடிஆரில் நடந்தது. விடியற்காலை, எழுபது வெறும் கதிரைகள் பின்னால், ஒரு ஆள் சத்தம் கூட இல்லை. முதல் இறக்கத்தில் 152இல் செய்கிற மாதிரி இருபது அடியில் விசையை ஒரேயடியாக இழுத்தேன். ஏடிஆரின் ப்ரொப்பெலர்கள் ஆளை விடப் பெரியவை, அவை தள்ளுகிற காற்று இறக்கைக்கு மேலாக அடித்துக்கொண்டிருக்கும் வரைதான் விமானம் தாங்கும். விசையை இழுத்ததும் அது நின்றது, விமானம் கல் மாதிரி உட்கார்ந்தது. முதுகெலும்பில் கேட்டது. பயிற்சியாளர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, "மெல்ல மெல்ல விடு, முட்டைக் கூடையை இறக்கிவைக்கிற மாதிரி" என்றார். நான்காவது சுற்றில் வந்தது. அந்த நான்காவது இறக்கத்தின்போது சூரியன் நேரே கண்ணில் அடித்தது, இன்றைக்கும் அந்த வெளிச்சம் நினைவிருக்கிறது.

ஜெட்டில் சிக்கல் வேறு. கண் இருக்கிற உயரம். 152இல் உம்முடைய இருக்கைக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு மீற்றர் சொச்சம். ஏ330இல் மூக்குக் கொஞ்சம் தூக்கியபடி வரும்போது பின் சில்லுகள் உமக்கு வெகு கீழேயும் வெகு பின்னாலேயும் வந்துகொண்டிருக்கும். 152இல் பழகிய கண், ஓடுபாதை கிட்ட வரட்டும் என்று காத்திருக்கும். அந்தக் கண்ணுக்குக் கிட்ட வருவதற்குள் சில்லு தட்டிவிடும். அதனால்தான் உயரத்தைக் குரலில் சொல்கிறார்கள், ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது என்று. அந்த எண்களுக்கு இடையில் உள்ள இடைவெளியைக் கேட்கப் பழக வேண்டும், தாளம் கேட்பது மாதிரி. எண்கள் நெருங்கி வந்தால் வேகமாக இறங்குகிறீர், கொஞ்சம் முந்தித் தூக்கும். ஏ320இல் இன்னொரு விசயம்: ஐம்பது அடியில் அது தன் நிலையை மனதில் வைத்துக்கொண்டு முப்பது அடியிலிருந்து மூக்கைத் தானே மெல்லக் குனிக்கும், நீர் ஸ்ரிக்கைப் பின்னால் இழுத்து இறக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். சாதாரண விமானம் தரக்கூடிய உணர்வை அது செயற்கையாகத் தருகிறது.

நிலத்தில் ஓட்டுவது யாரும் பேசாத சங்கதி. எனக்கு ஏ330க்குப் போனபோது வானத்தைவிடத் தரையில்தான் முதல் மாதம் பயம் இருந்தது. உமக்கு விளங்க ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர் ஒழுங்கைக்குள் இ.போ.ச பஸ்ஸைத் திருப்புகிற ட்ரைவரைக் கவனித்திருக்கிறீரா? அவர் முன் சில்லுக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அதனால் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் போனபிறகுதான் ஸ்ரியறிங்கை வெட்டுவார், அவருடைய மூக்கு எதிர்ப்பக்க மதிலுக்கு மேலாகப் போகிற மாதிரி இருக்கும், ஆனால் பின் சில்லு சரியாக ஒழுங்கைக்குள் வரும். பெரிய விமானமும் அச்சொட்டாக இதுதான். 777-300இஆர் 73.9 மீற்றர் நீளம், மூக்குச் சில்லுக்கும் பிரதான சில்லுக்கும் இடையில் 31 மீற்றர். விமானி புல்லுக்கு மேலாகப் போய்த்தான் திருப்ப வேண்டும். பின் சில்லு எங்கே வருகிறது என்று பார்க்க அந்த விமானத்தில் கமராவே வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் அரை மணித்தியாலம் நின்று பார்த்தால் இதில் பாதியைப் படித்துவிடலாம், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இனி, காசு செலவில்லாமல் நீர் இன்றைக்கே தொடங்கக்கூடியது ஒன்று. கதிரையில் இருந்து பறப்பது. ஏடிஆர் படிக்கிற காலத்தில் இரண்டு கிழமை லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன். கொக்பிட் படத்தை உண்மை அளவில் பெரிதாக அச்சடித்து அறை அலுமாரியின் கதவில் ஒட்டி, அதற்கு முன்னால் ஒரு கதிரை போட்டு, இரவு முழுக்கச் செய்தேன். கையை அந்தந்த ஆளிக்குக் கொண்டுபோய் வாயால் சொல்ல வேண்டும், மனதுக்குள் சொன்னால் பிரயோசனம் இல்லை. ஓடுபாதையில் ஓடுகிறோம், வி1 (இதற்குப் பிறகு நிறுத்தக்கூடாது என்ற வேகம்), எஞ்சின் ஒன்று போகிறது, நேராகப் பிடி, தூக்கு, ஏறுகிறது, சில்லை மேலே எடு, நானூறு அடி வரை எதையும் தொடாதே. இதைத் திரும்பத் திரும்ப. அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு நான்காம் நாள் எல்லாம் பாடமாகிவிட்டது. ஒருநாள் இடையில் நிறுத்தினேன், உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "தம்பி, சில்லு எடுக்கேல்லை." உண்மைதான், விட்டுவிட்டேன். சிமுலேற்றரில் முதல் தடவை எஞ்சின் நின்றபோது என் கை தானாகப் போனது, மனம் ஓய்வாக இருந்தது, ஓய்வாக இருந்ததால் அடுத்தது என்ன என்று யோசிக்க முடிந்தது. முன்பே சொன்னேனே, முன்னால் இருப்பது என்று, அதற்கான இடத்தை மனதில் உண்டாக்குவது இந்தக் கதிரைப் பழக்கம்தான்.

அடுத்தது மணித்தியாலக் கணக்கு. பயணிகள் விமானக் கப்டனாவதற்கான பெரிய உரிமத்துக்கு 1,500 மணித்தியாலம் என்பது உமக்குத் தெரியும். அமெரிக்காவில் 2009 பெப்ரவரியில் பஃபலோவில் நடந்த விபத்துக்குப் பிறகு, துணை விமானியாக உட்காரவே பெரும்பாலும் அவ்வளவு வேண்டும் என்று 2013இல் சட்டமாக்கினார்கள். ஆனால் அந்த விபத்தில் இருந்த இரண்டு பேருக்குமே 1,500க்கு மேல் இருந்தது! விமானம் வேகம் குறைந்து எச்சரித்தபோது மூக்கைக் குனிப்பதற்குப் பதிலாகக் கப்டன் இழுத்தார். எத்தனை மணித்தியாலம் என்பதைவிட அந்த மணித்தியாலத்துக்குள் என்ன இருந்தது என்று பார்ப்பதே சரி என்பது என் கருத்து. ஒரே நல்ல வானிலையில், ஒரே ஓடுபாதையில், யாரோ பக்கத்தில் எல்லாம் செய்து தர நூறு மணித்தியாலம் பறந்தவரைவிட, முப்பது மணித்தியாலத்தில் மழை, பக்கக் காற்று, தெரியாத விமான நிலையம், தனியே எடுத்த முடிவு என்று பார்த்தவர் முன்னே நிற்பார்.

இதிலேயே உம்முடைய கடைசிக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஏடிஆர் வேலை கிடைத்தால் இரண்டு கையாலும் எடும். ஒரு நாளைக்கு நான்கு, ஆறு தடவை ஏறி இறங்குவீர், சின்ன ஓடுபாதைகள், மேகத்துக்குள்ளே பறப்பு, மழை, எல்லாம் கையில் வரும். ஏ330இல் நீண்ட பயணம் போகிறவருக்கு மாதத்தில் ஒன்றிரண்டு இறக்கம்தான் கிடைக்கிறது. கொக்பிட்டில் மூன்று நான்கு பேர், இறக்குவது ஒருவர். 90 நாளில் மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்ற சிமுலேற்றருக்குப் போகிற கப்டன்மாரை நான் பார்த்திருக்கிறேன். என் கை இன்றைக்கும் நம்புவது ஏடிஆரில் படித்ததைத்தான். 2019 ஒக்ரோபரில் பலாலி திறந்தபோது முதலில் வந்து இறங்கியதும் ஏடிஆர் 72தான், இன்றைக்குச் சென்னையிலிருந்து வருவதும் அதுதான், அதைச் சின்ன விமானம் என்று யாராவது சொன்னால் காதில் போட வேண்டாம். 1947 டிசம்பர் 10ஆம் திகதி ஏயார் சிலோனின் முதல் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது ஒரு டிசி-3இல். அந்த நாளில் அதைப் பெரிய விமானம் என்றுதான் சனம் பார்த்திருக்கும், ஏடிஆர் அதைப்போல் இரண்டு மடங்கு எடை.

அதோடு, சின்ன விமானத்தில் படித்தது ஒருநாளும் வீண்போகாது. 1983 ஜூலை 23, கனடாவில் ஒரு போயிங் 767க்கு 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்துபோனது, கிலோவுக்கும் இறாத்தலுக்கும் இடையில் நடந்த கணக்குப் பிழை. இரண்டு எஞ்சினும் நின்றன. கப்டன் பொப் பியர்சன் ஓய்வு நாட்களில் எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டுகிறவர். கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்துக்கு வந்தபோது உயரம் மிஞ்சியிருந்தது. கிளைடரில் செய்கிற மாதிரி விமானத்தைக் குறுக்காகச் சரித்துச் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்து இறக்கினார், எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பக்கக் காற்றுக்கு நீர் இப்போது காலால் றடரை (வாலில் உள்ள சுக்கானை) மிதித்து ஒரு இறக்கையைத் தாழ்த்துகிறீரே, அவர் செய்ததும் அதேதான், 767இல்.

அதனால் கை வியர்க்கிற நாட்களைத் தவிர்க்க வேண்டாம். உம்முடைய பயிற்சியாளரிடம் போய், 8, 10 நொட் பக்கக் காற்று உள்ள நாளில் ஒரு மணித்தியாலம் முழுக்க இறக்கம் மட்டும் செய்ய வேண்டும் என்று கேளும். முதலிலேயே அவரிடம் "எனக்கு இதில் பயம்" என்று சொல்லிவிடும். பிறகு ஒரு சின்னக் கொப்பி வாங்கி, ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் இரண்டு வரி எழுதும்: ஏதோ சரியில்லை என்று எப்போது தெரிந்தது, அதை எப்போது சொன்னேன் அல்லது செய்தேன். நான் அந்தக் கப்டனின் கேள்விக்குப் பிறகு இதை எழுதத் தொடங்கி ஆறு வருடம் விடவில்லை. முதல் பக்கங்களில் எல்லாம் மைலும் நிமிடமும், பிறகு வினாடிகள்.

அடுத்த முறை வாடைக் காலத்தில் வீட்டுக்கு வந்தால் ஒன்று செய்யும். பலாலி ஓடுபாதை 05/23, வாடைக்கும் சோழகத்துக்கும் நேராகப் போட்ட மாதிரி வடகிழக்கும் தென்மேற்குமாகக் கிடக்கிறது. வாடை அடிக்கும்போது விமானம் தென்மேற்கிலிருந்து, கட்டுவன் பக்கமாக வந்து இறங்கும். மல்லாகத்தில் உங்கள் முற்றத்தில் நின்றே பார்க்கலாம். ஏடிஆர் வருகிற நேரத்தில் சில்லு எந்த இடத்தில் வெளியே வருகிறது, அதற்குப் பிறகு மூக்கு எவ்வளவு குறைவாக அசைகிறது என்று கவனியும். ஒரு கிழமை பார்த்த பிறகு, சில்லு வருவதற்கு முன்பே "இப்போது" என்று வாயால் சொல்லிப் பாரும்.